பாட்டியின் சாளக்கிராமமும் போய்விட்ட கடலும்

பாட்டி வீட்டுக் கோயிலாழ்வாரில் ஒரு சாளக்கிராமம் இருந்தது. கோழிமுட்டை அளவு, மை போலக் கறுப்பு. திருமஞ்சனம் ஆனதும் ஈரத்தோடு என் உள்ளங்கையில் வைப்பாள். ஓரம் உடைந்த இடத்தில், சுருண்டு சுருண்டு உள்ளே போகும் வரிகளை விரலால் தடவலாம். "இதுதான் சக்கரம்" என்பாள். அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு பதிந்த கல் அது. அந்த உயிர் நீந்திய கடல் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை.

டெத்திஸ் அதன் பெயர். 1893-இல் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவர்ட் சூயெஸ் சூட்டிய கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயர். அப்போதே கடல் போய்க் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏரி வற்றுவது போல அதுவும் வற்றியிருக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தை விட்டுப் பிரிந்த இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, அதற்கு முன்னால் கிடந்த கடல்தளம் ஆசியாவுக்கு அடியில் சரிந்து இறங்கியது. வயதாகி ஆறிய கடல்தளப் பாறை கனமானது. பூமியின் ஓட்டுக்குக் கீழே இருக்கும் சூடான மேலுறைக்குள் அமிழும்போது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வரை ஓடியது. இறங்கிய தட்டு கக்கிய நீரால் மேலுறைப் பாறை உருகி, மேலேறி உறைந்தது. லடாக்கின் கருங்கல் மலைகள் பல அப்படி வந்தவைதான்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்தளம் தீர்ந்தது. கண்டப் பாறை இலேசானது, எளிதில் அமிழாது. இரு கண்டங்களும் முட்டிக்கொள்ள, கடலடி வண்டல் ஜமுக்காளம் போல மடிந்து மேலே ஏறியது, இமயம் எழுந்தது. சிந்துவும் சாங்போவும் ஓடும் பள்ளத்தாக்குகளை ஒட்டி இரு கண்டங்களும் இணைந்த தையல் இன்றும் தெரிகிறது. நசுங்கிய கடல்தளத்தின் துண்டுகள் கரும்பச்சைப் பாறைகளாக அங்கே வெயிலில் கிடக்கின்றன.

திமிங்கிலத்தின் மூதாதைகள் நான்கு காலோடு தண்ணீரில் இறங்கியதும் டெத்திஸின் கரையோரங்களில்தான். இன்றைய பாகிஸ்தானில் அவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. தாய்க்கடல் போய்விட்டது, பிள்ளைகள் எல்லாக் கடல்களிலும் இருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

முட்டல் இன்னும் ஓயவில்லை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இந்தியா உள்ளே நெருக்கிக்கொண்டே இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 உயிர்களைப் பறித்த நிலநடுக்கம் அந்த நெருக்கத்தின் விளைவு. அதே நேபாளத்தில்தான் காளி கண்டகி ஆறு மலையை அறுத்து, கறுத்த களிப்பாறையிலிருந்து அம்மோனைட்டுகளைப் பெயர்த்து உருட்டி வருகிறது.

பாட்டியின் கல் இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது, உடைந்த ஓரத்தில் அந்த வரிகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும்.