புகாருக்கு முந்தைய கதவு

2016 ஜூனில், முகநூலில் பரவிய, முகத்தை ஒட்டி உருவாக்கிய போலிப் படங்களால் சேலம் அருகே ஓர் இளம்பெண் உயிரிழந்தார். புகார் கொடுத்த பிறகும் தாமதம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே மன்னிப்புக் கேட்டார். காவல் நிலையத்துக்கு முன்பே பிள்ளை தட்ட ஒரு கதவு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. இந்த மண்ணுக்கு அது புதிதுமல்ல. வீட்டுக்குள் மூடிக்கிடந்த பெண்சிசுக் கொலைக்கு முன்பே அப்படியொரு கதவைத் திறந்தது, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம்.

அந்தக் கதவு ஊரிலேயே இருக்கட்டும் என்றால், ஊர்க் குழுவிடம் சொன்னால் மானம் போகும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே மகளிர் குழுவில் ஒருவர் மட்டும், ரகசியம் காக்கப் பயிற்சி பெற்று, பிள்ளையைத் திட்டாமல் கேட்கட்டும், படத்தை அழிக்குமுன் திரைப்பதிவு எடுத்துவைக்கட்டும், குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கட்டும். குழுத் தலைவிகளே, அடுத்த கூட்டத்தில் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.