காற்று கொடுத்த ஒரு சென்டிமீட்டர்

2022 ஏப்ரல். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் தேஞ்ஞிப்பாலம் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை நீளம் தாண்டுதல். பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டிப் புதிய தேசிய சாதனை படைக்கிறார். ஆனால் தங்கம் அவருக்கில்லை. 8.37 தாண்டிய ஜெஸ்வின் ஆல்ட்ரினுக்குப் போகிறது. ஜெஸ்வின் தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர். ஆம், மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர்.

அதிகம் தாண்டியவருக்குத் தங்கம், குறைவாகத் தாண்டியவருக்குச் சாதனை. காரணம் காற்று. முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், அந்தத் தாவல் பதக்கத்துக்குச் செல்லும், சாதனைப் பட்டியலில் ஏறாது. ஜெஸ்வினுக்குப் பின்னால் அன்று வீசியது 4.1.

உலக அரங்கிலும் இந்தக் கணக்கு விளையாடியிருக்கிறது. 1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப். பத்தாண்டுகளாக நீளம் தாண்டுதலில் தோல்வியே காணாத கார்ல் லூயிஸ், நான்காவது சுற்றில் 8.91 தாண்டினார். பாப் பீமனின் 1968 மெக்சிகோ சாதனையான 8.90ஐவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். ஆனால் காற்று 2.9. அடுத்த சுற்றில் மைக் பாவெல் 8.95 தாண்டினார், காற்று வெறும் 0.3. லூயிஸ் அதற்குப் பிறகும் 8.87, 8.84 என்று தாண்டிப் பார்த்தார். கிடைத்தது வெள்ளிதான். தோற்றவரின் தாவல்களில் இதைவிடச் சிறந்த வரிசை எனக்குத் தெரிந்து இல்லை. பாவெலின் சாதனை இன்றுவரை அசையவில்லை.

நம் கதை இன்னும் மெதுவானது. 1974 டெஹ்ரான் ஆசியப் போட்டியில் கேரளத்து டி.சி. யோகன்னான் 8.07 தாண்டித் தங்கம் வென்றார். அந்தத் தேசிய சாதனையை ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர்த்த அம்ரித்பால் சிங் 2004இல் வரவேண்டியிருந்தது. 2013இல் தமிழ்நாட்டின் பிரேம்குமார் 8.09. இன்னொரு சென்டிமீட்டர்! அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2023 மார்ச்சில் பெல்லாரியில் ஜெஸ்வின் 8.42 தாண்டினார். இம்முறை காற்றின் மீது பழி போட வழியில்லை. சாதனை அவர் பெயரில் ஏறியது. 

அதே ஆண்டு ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப். காரைக்குடி அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரியில் படித்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், நீளம் தாண்டுதலில் பாதி ஆட்டம் மணலில் இல்லை, காலூன்றித் தாவும் பலகையில் என்பார்கள். கால் நுனி பலகைக்கு அப்பால் போனால் ஃபவுல், எவ்வளவு தூரம் பறந்தாலும் பூஜ்யம். தகுதிச் சுற்றில் 8.00 தாண்டிய ஜெஸ்வின், பன்னிரண்டு பேரில் கடைசியாக இறுதிக்குள் நுழைந்தார். இறுதியில் மூன்று வாய்ப்பில் இரண்டு ஃபவுல், மிஞ்சியது 7.77. பதினோராம் இடம். கிரேக்கத்தின் டென்டோக்லூ கடைசித் தாவலில் 8.52 தாண்டி, ஜமைக்காவின் பின்னாக்கை இரண்டே சென்டிமீட்டரில் வீழ்த்தினார். வெண்கலம் 8.27க்குப் போனது. பெல்லாரித் தாவலில் பாதிக்குப் பாதி நேர்த்தி வந்திருந்தாலும் போட்டி வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அன்றிரவு பலரும் புலம்பினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மார்ச் மாதத் தாவலை ஆகஸ்டுக்கு எடுத்து வைக்க முடியாது.

ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கழித்து ஹாங்சோ ஆசியப் போட்டி. ஜெஸ்வின் எட்டாமிடம். ஸ்ரீசங்கர் 8.19 தாண்டி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற சீனத்தின் வாங் ஜியானான் தாண்டியது 8.22. ஆசியப் போட்டியில் ஆண்கள் நீளம் தாண்டுதல் தங்கம் இந்தியாவுக்குக் கடைசியாக வந்தது 1978 பாங்காக்கில், சுரேஷ் பாபு மூலம்.