ஐசோடோப்பு விளைவு, வேதிப் பிணைப்பில்

ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகளுக்கு எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே. ஆகவே எந்த அணுவோடு, எத்தனை பிணைப்பு என்பதில் அவை வேறுபடுவதில்லை. வேறுபடுவது பிணைப்பின் அதிர்வு. கனமான அணு மெதுவாக அதிர்கிறது. கடுங்குளிரிலும் மூலக்கூறை விட்டு நீங்காத சுழிநிலை ஆற்றல் அதற்குக் குறைவு. அதனால் அதன் பிணைப்பை முறிக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 436 கிலோஜூல், அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கு 443. கன தனிமங்களில் இந்த வேறுபாடு மிகச் சிறிது.

1913இல் ஃபிரெடெரிக் சாடி ஐசோடோப்புகளை வரையறுத்தபோது, வேதியியல் முறையில் அவற்றைப் பிரிக்க இயலாது என்றே கருதப்பட்டது. 1931இல் ஹரால்ட் யூரி, பிரிக்வெட், மர்ஃபி ஆகியோர் டியூட்டீரியத்தைக் கண்டறிந்ததும் அக்கருத்து ஆட்டங்கண்டது. 1933இல் கில்பர்ட் லூயிஸ் டியூட்டீரியம் கொண்ட நீரான கனநீரை ஏறக்குறையத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். அது 3.8 பாகை செல்சியசிலேயே உறைந்தது. அதில் இட்ட புகையிலை விதைகள் முளைக்கவில்லை. ஐசோடோப்பு விளைவைக் கணக்கிடும் முறையை 1947இல் பிகெலைசனும் மரியா கோப்பர்ட் மேயரும் வகுத்தனர்.

இந்தியாவில் கனநீர் உற்பத்தி 1962இல் நங்கலில் தொடங்கியது. தூத்துக்குடி ஆலையில் (1978) அம்மோனியாவுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே டியூட்டீரியம் கைமாறியது. அதற்குப் பொட்டாசியம் அமைடு வினையூக்கியாகத் தேவைப்பட்டது. தெலங்கானாவில் கோதாவரிக் கரையிலுள்ள மணுகூரு ஆலைக்கு (1991) அது தேவையில்லை. அங்கே ஆற்றுநீர் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு எதிராகக் கோபுரங்களில் இறங்குகிறது. ஏறத்தாழ 6,700 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றே டியூட்டீரியம். அது கந்தகத்தைவிட ஆக்சிஜனோடு இருப்பதையே விரும்புகிறது. வெப்பம் ஏற அந்த விருப்பம் தளர்கிறது. எனவே சுமார் 30 பாகையில் இயங்கும் குளிர் கோபுரத்தில் டியூட்டீரியம் நீருக்கு வருகிறது. 130 பாகைக் கோபுரத்தில் வாயுவுக்குத் திரும்புகிறது. செறிவேறிய நீரை இரண்டுக்கும் நடுவிலிருந்து எடுக்கிறார்கள். முழு ஆலையும் நிற்பது அந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடிய நஞ்சு. அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. அளவு மிகுந்தால் முகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். இந்தப் பிரிப்பு முறையை 1943இல் கைப், ஸ்பெவாக் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே பெரும்பாலான நூல்களின் கூற்று.

ஐதராபாத்தில் அல்வாலுக்குத் தென்கிழக்கே உள்ள அணு எரிபொருள் வளாகம் (1971), இந்தக் கனநீரைப் பயன்படுத்தும் அணு உலைகளுக்கு யுரேனியத்தைச் செறிவூட்டாமலே எரிபொருள் கற்றைகளாக்குகிறது. ஐசோடோப்பைப் பிரிக்கும் சுமையை இந்த உலைகளில் யுரேனியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் ஏற்கிறது எனலாம்.

பிணைப்பின் நீளமும் மாறுவதுண்டு; அதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹைட்ரஜன் பிணைப்புள்ள சில படிகங்களில் டியூட்டீரியம் ஏற்றினால் அப்பிணைப்பு சற்று நீள்வதை 1939இல் ராபர்ட்சனும் உபெலோடும் காட்டினர். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் நிலைமாற்ற வெப்பநிலை, டியூட்டீரியம் ஏற்றியபின் ஏறத்தாழ 90 கெல்வின் அல்லது அதற்கும் மேல் உயர்கிறது. புரோட்டானின் ஊடுருவலே காரணம் என்போரும், பிணைப்பு நீட்சியே காரணம் என்போரும் உள்ளனர்.

இவ்விளைவு மருந்துக்கும் பயன்பட்டது: 2017இல் டியூட்டீரியம் கொண்ட முதல் மருந்தான டியூட்டெட்ராபெனசினுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. ஐசோடோப்புப் பிரிப்பும் ஹைட்ரஜனோடு நிற்கவில்லை: மணுகூருவில் ஆக்சிஜன்-18 நீரும் தயாரிக்கப்படுகிறது.