நைட்ரஜனேஸ்

நைட்ரஜனேஸ் என்பது காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நொதியாகும். செடிகொடிகளில் இது கிடையாது. சில நுண்ணுயிர்களில் காணப்படுகிறது. மூலக்கூறு அளவிலான உலை என்று இதனைக் கூறலாம்.

தூத்துக்குடி ஸ்பிக் ஆலை போன்ற உரத் தொழிற்சாலைகளில் இதே வினை ஏபர்-பாசு முறையில், ஏறத்தாழ 400 முதல் 500 பாகை செல்சியசு வெப்பத்திலும் உயர் அழுத்தத்திலும் நடைபெறுகிறது. நைட்ரஜனேசோ வயல்நீரின் வெப்பநிலையிலேயே இதனைச் செய்கிறது.

செயல்படும் விதம்

இந்நொதி இரு புரதங்களால் ஆனது. இரும்புப் புரதம், மாலிப்டின-இரும்புப் புரதத்துடன் ஒட்டி, ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து விலகுகிறது. பிறகு மீண்டும் ஒட்டுகிறது. பொறி என்னும் சொல் இங்கு வெறும் உவமை அன்று. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் இரண்டு ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு எட்டு எலக்ட்ரான்களும் குறைந்தது 16 ஏடிபிகளும் தேவை. அவற்றுள் இரண்டு எலக்ட்ரான்கள் ஐதரசன் வாயுவாக வீணாகின்றன. வினாடிக்குச் சில மூலக்கூறுகளே உருவாகும். அதாவது, வெப்பத்தை மிச்சப்படுத்தினாலும் இது சிக்கனமான பொறி அன்று.

வேளாண் பயன்பாடு

தாமிரபரணிப் பாசனப் பகுதியின் நெல்வயல்களுக்கு ஏற்ற வழி அசோலா ஆகும். இம்மிதக்கும் பெரணியின் இலைக்குழிகளில் அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசி வாழ்கிறது. அசோலாவைச் சேற்றில் மிதித்து மட்கச் செய்தால்தான் நைட்ரஜனின் பெரும்பகுதி நெல்லுக்குக் கிடைக்கும். பிசான அறுவடைக்குப் பின் விதைக்கப்படும் உளுந்தின் வேர்முடிச்சுகளிலும், பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டிலும் இதே நொதியே இயங்குகிறது.

வரம்புகள்

ஆக்சிசன் பட்டால் நைட்ரஜனேஸ் மீளமுடியாதபடி சிதைந்துவிடும். ஒளிச்சேர்க்கையால் ஆக்சிசனை வெளியிடும் அனபீனாவுக்கு இது பெருஞ்சிக்கல். எனவே அது தடித்த சுவருடைய தனி உயிரணுக்களை ஒதுக்கி, அவற்றில் ஆக்சிசன் உருவாகும் பகுதியை நிறுத்தி வைக்கிறது. உளுந்தின் முடிச்சில் லெக்ஃகீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் ஆக்சிசனைக் கட்டுப்படுத்துகிறது.

யூரியா தாராளமாக இடப்பட்ட வயலில், தனித்து வாழும் நீலப்பச்சைப் பாசிகள் இந்நொதியை உருவாக்குவதையே நிறுத்திவிடும். ஆகவே முழு அளவு யூரியாவுடன் பாசி உரத்தையும் இடுவது பெரும்பாலும் வீண்செலவே. அசோலாவுக்குத் தேங்கிய நீரும் பாஸ்பரசும் தேவை. கடும் வெப்பத்தில் அதன் வளர்ச்சி குன்றும். பாபநாசம் அணையில் நீர் குறைந்து கார் சாகுபடி பாதிக்கப்படும் ஆண்டுகளில் அசோலாவுக்கும் வழியில்லை.

நெற்பயிரிலேயே இந்நொதியை இயங்கச் செய்யும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. இதற்குப் பல மரபணுக்கள் ஒருங்கே செயல்பட வேண்டும். தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தானே ஆக்கிக்கொள்ளும் நெல் இரகம் எதுவும் இதுவரை சாகுபடிக்கு வரவில்லை.