இரெம்பிராண்டின் சிலுவைக் காட்சியில் ஒளியும் இருளும்

இயேசு சிலுவையில் தொங்கியபோது நண்பகல் தொடங்கி மூன்று மணி நேரம் நிலமெங்கும் இருள் சூழ்ந்ததென மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கூறுவர். ஓவியர் பலர்க்கு இவ்விருள் பின்புலமே. ஆலந்து நாட்டு இரெம்பிராண்டோ அதனையே பொருளாக்கினார். 1653-இல் செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி அவர் அச்சிட்ட 'மூன்று சிலுவைகள்' என்னும் படத்தின் முதற்படிகளில், வானினின்று கூம்பென இறங்கும் ஒளி, மண்டியிட்ட நூற்றுவர் தலைவனையும் துயருறும் அடியாரையும் தெளிவுறக் காட்டுகின்றது. சில ஆண்டுகள் கழித்து அதே தகட்டை அவர் மீளக் கீறினார். கூட்டம் பெரும்பாலும் இருளில் மறைந்தது. முன்னில்லாத குதிரைவீரன் ஒருவன் தோன்றினான். தகடு தேய்ந்தமையே காரணம் என்பாரும் உளர். தேய்வு உண்மையே; ஊசிக்கீறலின் பிசிறு விரைவில் நசுங்கும். எனினும், தேய்ந்த கோட்டைப் புதுப்பித்தலே கருத்தாயின், பழைய உருவங்களை அழித்தல் வேண்டா. முன்னைப் படி காண்போரின் மனமாற்றத்தையும், பின்னைப் படி இறப்பின் தனிமையையும் உரைப்பன என்றே நாம் கொள்கின்றோம்.