ஊருணிக்குக் காவல் இருந்தது, குழாய்க்கு? கொத்தமங்கலத்தின் தண்ணீர்க் கதை

காரைக்குடி பக்கம் போயிருக்கீங்களா? போனவங்க எல்லாரும் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்குத் தூணையும் போட்டோ எடுத்துக்கிட்டு வருவாங்க. இன்னைக்கு நாம கொஞ்சம் மேலே, கூரையைப் பார்க்கப் போறோம். அந்தக் கூரையில விழுந்த மழை எங்கே போச்சு?

நம்ம ஊர் கொத்தமங்கலம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்களில் இதுவும் ஒன்று.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. செம்மண், அதுக்கு அடியில் செம்புறாங்கல். இருக்கிறது மழை மட்டும்தான். அதனால வீட்டையே மழைக்குத் தகுந்த மாதிரி கட்டினாங்க. வளவைச் சுற்றியுள்ள கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரியும். முதல் மழையில் ஓடு கழுவப்படும், அடுத்து வரும் தண்ணீரை அண்டாவில் பிடிப்பாங்க. மிச்சம் வடிகால் வழியா ஊருணிக்குப் போகும்.

ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர். குளிக்க ஒன்று, ஆடு மாடுகளுக்கு ஒன்று, குடிக்க ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. தண்ணீர் கலங்கலா இருந்தா, பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசி விட்டால் மண் அடியில் படியும்.

இது வெறும் ஆசாரமா? 1884-ஐப் பாருங்க. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்தபோது, மக்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் செய்த ஒரு குளத்தின் நீரில்தான் அந்தக் கிருமியைக் கண்டார். ஒரே குளத்தை எல்லாத்துக்கும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு சாட்சி நரம்புச் சிலந்தி. நோயாளியின் காலிலிருந்து நூல் மாதிரி புழு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு தன் குஞ்சுகளை அங்கே விடும். அவற்றை சைக்ளாப்ஸ் என்ற நுண்ணுயிர் விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்குச் சுமார் ஒரு வருஷம் கழித்து அதே நோய். குடிநீரில் யாரும் கால் வைக்காமல், துணியில் வடிகட்டிக் குடித்தாலே சங்கிலி அறுந்துவிடும். பெரும்பாலும் அப்படித்தான் இந்தியா இந்த நோயை ஒழித்தது. கடைசி நோயாளி பதிவானது 1996-இல். உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-இல்.

ஆக, அந்தக் காலம் பொற்காலமா? இங்கேதான் கொஞ்சம் நிற்கணும்.

'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள்? இந்தப் பகுதி அப்போ ராமநாதபுரம் மாவட்டம். 1931-இல் அந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் 11 தடைகளை விதித்தார்கள். அவற்றில் ஒன்று, பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானையில்தான் எடுக்க வேண்டும் என்பது. அந்த ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு நாலு வருஷம் முன்னாடிதான், 1927-இல், மகாட் ஊரில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்து உரிமையை நிலைநாட்டினார். ஊருணிக்குக் காவல் இருந்தது உண்மை. அந்தக் காவல் அழுக்கை மட்டும் தடுக்கவில்லை, சில மனிதர்களையும் தடுத்தது.

அதனாலதான் குழாயின் வருகை பெரிய விஷயம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் வந்தது. ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய். குடம் எந்த உலோகம்னு குழாய் கேட்காது.

ஆனா புதுச் சிக்கலும் கூடவே வந்தது. ஊருணி மழைநீர். ஆழ்துளைக் கிணற்று நீரோ பாறையோடு ரொம்ப காலம் உறவாடிய நீர். உப்பு, கடினத்தன்மை, சில இடங்களில் ஃபுளோரைடு எல்லாம் அதில் கரைந்திருக்கும். ஃபுளோரைடு எலும்பையும் பல்லையும் பாதிக்கும் என்பதை இந்தியாவில் முதலில் எடுத்துச் சொன்னவர்கள் நம்ம சென்னை மாகாணத்து ஆய்வாளர்கள். ஆண்டு 1937, இடம் நெல்லூர். அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இன்றைய இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை.

இப்ப நம்ம கையில டி.டி.எஸ். மீட்டர் இருக்கு. 80 காட்டினால் 'சூப்பர் தண்ணி'ன்னு குடிச்சிடறோம். அது கரைந்த உப்பை மட்டும்தான் கணக்குப் போடும். கிருமி இருக்கான்னு அதுக்குத் தெரியாது. கிருமிக்கு வேறு கேள்வி: தொட்டியை எப்போ கழுவினாங்க? கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? 2022 டிசம்பரில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. ஏறிப் பார்த்தால், பட்டியலின மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம். யாரும் தினமும் எட்டிப் பார்க்காத உயரத்தில் இருப்பதுதான் நம்ம குடிநீர். ஊருணி எல்லார் கண்ணிலும் படும். தொட்டி படாது.

பழைய ஊருணிக்கு எல்லாருடைய கண்ணும் இருந்தது, எல்லாருக்கும் உரிமை இல்லை. இன்றைய குழாயில் எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனால் யாருடைய கண்ணும் இல்லை. இரண்டும் சேரணும்.

அதுக்கு வழி இருக்கு. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும் ஒன்று. அன்னைக்குச் சொந்த ஊர்ல இருந்தா எழுந்து நின்னு மூணு விஷயம் கேளுங்க. தொட்டி கழுவிய தேதி, குளோரின் அளவு, கடைசியாக நீர் மாதிரி எடுத்த பரிசோதனை அறிக்கை. மூணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்க. நகரத்துல இருக்கிறவங்க அபார்ட்மென்ட் சங்கத்தில் இதையே கேட்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள உங்க வீட்டுத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை விசாரிச்சு வைங்க.