மணவிலக்கு: காஜியின் சான்றும் நீதிமன்றத் தீர்ப்பும்



பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் எனச் சென்னையின் தென்புறநகரெங்கும் வாழும் நம் குடும்பங்களில், இணைந்து வாழ இயலாது என்ற நிலை வரும்போது முதலில் நாடப்படுவது ஜமாஅத்தும் காஜியுமே. அதையும் கடந்து ஒரு பெண் நீதிமன்றப் படியேறினால், ஷரீஅத்தை விட்டே விலகிவிட்டாள் என்று முகம் சுளிப்போர் உள்ளனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, நபி (ஸல்) அவர்களிடம் நேரில் சென்று முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பியளிக்க இசைந்து மணவிலக்குப் பெற்றார். தீர்ப்பளிக்கும் அதிகாரமுடையவரிடம் செல்வது அன்றே இருந்த வழி.

முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் அந்த அதிகாரம் காஜியிடம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது கைநழுவியது; 1864ஆம் ஆண்டுச் சட்டம் அரசு காஜிகளை நியமிப்பதையே நிறுத்தியது. நிக்காஹ்வுக்கு அரசு நியமித்த காஜி வேண்டும் என்ற வழக்கம் சில பகுதிகளில் நிலவியதால், சர் சையது அகமது கான் முன்வைத்த காஜிகள் சட்டம் 1880இல் நிறைவேறியது. அது முதலில் நம் சென்னை மாகாணத்திற்கே பொருந்தியது. எனினும் நீதி வழங்கும் அதிகாரத்தை அது காஜிக்கு அளிக்கவில்லை என்பதை அதன் 4ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

இதனால் வாடியவர்கள் பெண்களே. ஹனஃபி மத்ஹபில் மனைவி மணவிலக்குக் கோருவதற்கான காரணங்கள் மிகக் குறைவு. கைவிடப்பட்ட பெண்கள் சிலர், மணபந்தம் முறிய வேறு வழியின்றி, மார்க்கத்தைத் துறந்ததாக அறிவிக்கும் அவலம் பஞ்சாபில் நேர்ந்தது. இதைக் கண்டு வருந்திய மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, மதீனாவின் மாலிக்கி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, 1931இல் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார். தேவை நேரும்போது மாலிக்கி மத்ஹபின் விரிந்த காரணங்களை ஏற்கலாம் என்பது அதன் சாரம்.

அந்த அடிப்படையில் காஜி முஹம்மது அஹ்மது காஸ்மி மத்திய சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது 1939 மார்ச் 17 அன்று முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டமானது. வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நீக்கப்பட்டது உலமாக்களுக்கு மனக்குறையாகவே நின்றது. ஆயினும் சட்டத்தின் வேர் ஃபிக்ஹிலேயே இருந்தது.

கணவனின் இருப்பிடம் 4 ஆண்டுகள் தெரியாமை, 2 ஆண்டுகள் பராமரிப்புத் தராமை, தக்க காரணமின்றி 3 ஆண்டுகள் இல்லறக் கடமை தவறுதல், 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, கொடுமை ஆகியன அச்சட்டம் ஏற்கும் காரணங்களுள் சில. மனைவியின் சொத்தை விற்றுவிடுவதும், அவளது மார்க்கக் கடமைகளைத் தடுப்பதும் கொடுமையே. ஹனஃபி, ஷாஃபிஈ என்ற வேறுபாடின்றி எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும். இச்சட்டப்படி பிரிந்தாலும் மஹர் மீதான உரிமை அழியாது.

இன்று இவ்வழக்குகளை 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. மனுவை ஏற்றபின், முதலில் சமரசத்திற்கு முயல்வது அந்நீதிமன்றத்தின் கடமை. இரு குடும்பத்தாரிலிருந்தும் நடுவர்களை அமர்த்துமாறு குர்ஆன் (4:35) காட்டும் நெறிக்கு இது அயலானதன்று. சமரசம் கூடாவிடில் சாட்சியம், பின் தீர்ப்பு.

காஜி வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே. நீதிமன்றத்திலும் பிற சட்டத் தேவைகளுக்கும் அது செல்லாது என 2017 ஜனவரியில், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 2023 பிப்ரவரியில், ஷரீஅத் கவுன்சில் ஒன்று அளித்த குலா சான்றிதழை அதே நீதிமன்றம் ரத்து செய்து, குடும்ப நீதிமன்றத்தை நாடலாம் என்றது. சான்றிதழை மட்டும் நம்பியிருக்கும் பெண், மறுமணத்தின்போதோ குழந்தையின் பொறுப்புக் குறித்த வழக்கிலோ தடுமாற நேரலாம்.

ஆகவே ஜமாஅத் பெரியோர் சமரசம் செய்யட்டும். அது அழகிய பணி. அது பயனளிக்காதபோது, நீதிமன்றத்திற்கு வழிகாட்டுவதும் அவர்கள் பணியே. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் எடுத்துரைக்கட்டும். நம் பெண்களுக்காகத் தானவி அவர்கள் தேடித் தந்த வழியை நாமே அடைத்துவிடலாகாது.